இப்போதைக்கு வெள்ளை

நான் வாங்கிய வீட்டில் சுவர்கள் குறைவு. விற்றவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குசினி, சாப்பாட்டு மேசை, இருக்கும் இடம், சாமி மூலை எல்லாம் ஒரே பெரிய அறைக்குள் வருகின்றன, இதற்கு ஓப்பன் பிளான் என்று பெயர், இப்போது சனம் இதைத்தான் கேட்கிறது என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் யாழ்ப்பாண நகருக்குள், லிஃப்ட் வேலை செய்கிற ஒரு தொடர்மாடியில், பென்சன் எடுத்த ஒருத்தியின் கைக்கு எட்டியது அந்த வீடு ஒன்றுதான். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் மாத்திரம் சுவர் வைத்திருந்தார்கள். அந்த அளவுக்காவது யோசித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்து மூன்று வருடம் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். ஊரார் வீடுகளை அவரவர் பேரில் பதிவதுதான் வேலை. என் பேரில் ஒன்றும் இருக்கவில்லை. அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், ஆனால் கலியாணம் கட்டுகிற பெண்ணுக்குப் போகும். இணுவிலில் உள்ள எங்கள் வீட்டை அப்பா என் தங்கைக்குச் சீதனமாக எழுதினார். அந்த வீட்டு உறுதிப் பத்திரம் எங்கள் கந்தோருக்குத்தான் பதிவுக்கு வந்தது. என் எழுத்து வடிவானது என்பதால் அந்தப் பக்கத்தையும் நானே நிரப்பினேன்.

எனக்குக் கலியாணம் பேசாமல் இல்லை. ஒருமுறை மாப்பிள்ளை பகுதி பார்க்க வருகிறது என்று வீடு முழுக்கச் சுண்ணாம்பில் மஞ்சள் கலந்து அடித்தார்கள். வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், வீடு வடிவாக இருக்கிறது என்றார்கள், இரண்டு நாள் கழித்துச் சாதகம் சரிவரவில்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அந்த மஞ்சள் ஒன்பது வருடம் இருந்தது. பிறகு சண்டை, பிறகு இடப்பெயர்வு, பிறகு வயது. அடுத்த முறை சுவருக்கு நிறம் அடித்தது தங்கையின் கலியாணத்துக்கு. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டின் பக்க அறையில் இருந்தேன். தங்கையோ அவள் புருஷனோ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் நான் முன்னமே வேறு இடம் பார்த்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நிறம் அடிக்கிறார்கள் என்றால் அங்கே ஒரு கலியாணம் முற்றாகிவிட்டது என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களைத் தவிர வேறு யாரும் வேறு காரணத்துக்காக அடிப்பதில்லை. சுவர் பொரிந்து கொட்டினாலும், பிள்ளைக்கு ஒன்று சரிவரட்டும், அப்போது அடிப்போம் என்று பொறுத்திருப்பார்கள். ஆகவே நான் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய்ப் பெயின்ற் நிற அட்டை கேட்டபோது, கடைக்காரர் அட்டையை எடுப்பதற்கு முன் யாருக்குக் கலியாணம் என்று கேட்டார். அவரும் இணுவில் ஆள். ஒருவருக்கும் இல்லை, புது வீடு வாங்கியிருக்கிறேன், அதற்குத்தான் என்றேன். அவர் தலையாட்டினார். தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை என்று சொல்லி அட்டையை ஒரு உறைக்குள் போட்டுத் தந்தார்.

நான் பஸ் பிடித்து, இறங்கி, ஒழுங்கையால் நடந்து வீட்டுக்கு வருவதற்கிடையில் கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தங்கை பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், மாப்பிள்ளை வங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவராம், தாரம் இழந்தவராம், உண்மையா என்று கேட்டாள். எனக்கும் அது புதுச் செய்தி. இல்லை என்றேன். அடுத்த இரண்டு நாளில் அந்த மனுசனுக்குச் சீனி வருத்தமும் வந்துவிட்டது. கோயில் வீதியில் ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, சீனி வருத்தத்துக்குக் குரக்கன் மா நல்லது என்றாள். நான் ஓம் என்றேன். இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பாத இடத்தில் ஓம் என்று சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். அதோடு, அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கக்கூடும் என்று ஊர் நம்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சீனி வருத்தத்தோடு என்றாலும்.

இதற்கிடையில் நிறம் தெரிவு செய்யும் வேலை தொடங்கியது. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குடும்பக் குழு இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, தங்கை, கொழும்பில் வேலை செய்யும் தங்கையின் மகள், நான், ஆக நாலு பேர். தம்பி எனக்கு இளையவன், தங்கைக்கு மூத்தவன். எங்கள் குடும்பத்தில் எதுவும் இந்தக் குழுவில் போட்டுத்தான் முடிவாகும். தங்கை வீட்டுக் கிணற்றுக்குப் புது மோட்டர் வாங்கியதும் இதில் போட்டுத்தான். நான் நிற அட்டையைப் படம் எடுத்துப் போட்டேன். எது நல்லது என்று கேட்டேன். அப்படிக் கேட்காமல் விடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறெந்த விதமாகவும் ஒரு காரியத்தை நான் செய்து பழகவில்லை.

பெயின்ற் அடிக்க வந்தவர் குருநகர்க்காரர். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். இளமையில் வள்ளங்களுக்கு நிறம் அடித்தவர், பிறகு வீடுகளுக்கு மாறியவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நடுவில் நின்றார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதிலை ஒரு நிறத்தை எங்கை நிப்பாட்டிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. குசினிக்கு ஒரு நிறம், இருக்கும் இடத்துக்கு ஒரு நிறம் என்று அடிப்பதானால் ஒன்று முடிந்து மற்றது தொடங்க ஒரு மூலை வேண்டும். இங்கே ஒரே சுவர் வாசலில் தொடங்கி, அடுப்பைக் கடந்து, சாமி மூலையைக் கடந்து, பல்கனிக் கதவு வரைக்கும் ஓரிடத்திலும் நிற்காமல் போகிறது. ஆகவே ஒரே நிறம்தான் அடிக்கலாம், அது சாமிக்கும் சரிவர வேண்டும், மீன் பொரிக்கிறதுக்கும் சரிவர வேண்டும் என்றார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். அப்போ கத்தரிக்காய் பொரிக்கிறதுக்கு என்று திருத்திக்கொண்டார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. பிடித்த நிறங்களில் சின்னச் சின்னதாக வாங்கி, சுவரில் ஒரு முழச் சதுரமாக அடித்து, கீழே பென்சிலால் இலக்கம் போடுவார். வீட்டுக்காரர் இரண்டு மூன்று நாள் போய்வந்து பார்க்க வேண்டும். முடிவு செய்ததும் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில், சுவரிலேயே, கையெழுத்து வைக்க வேண்டும். அதை அவர் தன் போனில் படம் எடுப்பார். பிறகுதான் பெரிய வாளியைத் திறப்பார். கையெழுத்துக்கு மேலாலேயே அடித்துக்கொண்டு போய்விடுவார். ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்டேன். வெளிநாட்டில் இருந்து போனில் நிறம் சொன்ன ஒருவர், வந்து பார்த்துவிட்டு இது நான் சொன்ன நிறமில்லை என்று சண்டை பிடித்தாராம். முழு வீட்டையும் சும்மா திருப்பி அடிக்க வேண்டி வந்ததாம். கடதாசியில் வாங்கினால் துலைந்துபோகும், சுவர் துலையாது என்றார். முப்பத்து மூன்று வருடம் கையெழுத்துப் பார்த்தவளுக்கு அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

நான் அட்டையில் பதினொரு நிறத்துக்கு அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் பன்னிரண்டு சதுரம் அடித்திருந்தார். ஒற்றை இலக்கத்தில் நிற்பது தனக்கு மனதுக்குச் சரியில்லை, தன்னிடம் மிச்சமாக இருந்த ஒன்றையும் சேர்த்து அடித்தேன் என்றார். அது ஒன்பதாம் இலக்கம். செவ்விளநீர்க் கோம்பையின் செம்மஞ்சள் நிறம். அட்டையில் அதற்குக் கடற்கரையில் பொழுதுபடுகிறது என்பதுபோல ஏதோ இங்கிலீசில் பேர் இருந்தது. அவர் செவ்விளநி என்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு சதுரத்தையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். தங்கை நாலாம் இலக்கம் நல்ல இளம் பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எழுதினாள். தம்பி நாலாம் இலக்கம் என்ன ஆஸ்பத்திரி நீலம், வேண்டாம் என்று எழுதினான். அவர்கள் அதில் ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். நான் சுவருக்குப் போய்ப் பார்த்தேன். நாலாம் இலக்கம் வெளிறிய மஞ்சள். தங்கையின் மகள், என் பெறாமகள், இப்போது கொழும்பில் எல்லா வீட்டுக்கும் சாம்பல்தான் அடிக்கிறார்கள் என்று எழுதினாள். சாம்பலை நான் திருநீறாகத் தவிர வேறு வடிவத்தில் விரும்பியதில்லை, ஆனால் யோசிக்கிறேன் என்று பதில் போட்டேன். தம்பி ஒவ்வொரு நாளும் வேறொரு இலக்கம் சொன்னான். அவனுக்கு அங்கே காலையில் ஒரு நிறமும் வேலை முடிந்து வந்தபின் ஒரு நிறமும் பிடித்தது.

ஒரு கிழமை இப்படிப் போனது. குருநகர் அண்ணை ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வந்து, பூச்சு வெடிப்புகளை அடைத்து, மண் கடதாசி போட்டு உரஞ்சி, யன்னல் ஓரங்களுக்கு ஒட்டுநாடா ஒட்டினார். பிறகு ஒட்ட ஒன்றும் இருக்கவில்லை. பென்சிலை நீட்டினார். கொஞ்சம் பொறுங்கோ, தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை என்றேன்.

"அப்ப தம்பியார்தானோ வீட்டுக்காரர்?"

இல்லை என்றேன். அப்போ காசு குடுத்தவரோ என்று கேட்டார். இல்லை, என்னுடைய பென்சன் காசு என்றேன். அப்போ வந்து இருக்கப் போறவரோ என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டார். எனக்குத்தான் முகம் சுட்டது.

அன்று பின்னேரம் இணுவிலில் என் அறைக்குள் இருந்தபோது குழுவில் தம்பியின் செய்தி ஒன்று வந்தது.

"கலியாணக் கதை சும்மா கதைதான், நான் விசாரிச்சிட்டன். வீடு பிள்ளைக்குத்தான், நீ பயப்பிடாதை. அக்காவை இப்போதைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லு. பிறகு பிள்ளை தனக்குப் பிடிச்சதை அடிக்கட்டும்."

இரண்டு நிமிடத்தில் அந்தச் செய்தி மறைந்து, இந்தத் தகவல் நீக்கப்பட்டது என்ற வரி அந்த இடத்துக்கு வந்தது. நான் அதற்குள் வாசித்துவிட்டேன். உறுதி வாசித்துப் பழகியவளுக்கு ஒருமுறை போதும். என்ன நடந்தது என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவர்கள் மூன்று பேருக்கும் நான் இல்லாத இன்னொரு குழு இருக்கிறது. அதில் போட வேண்டியதைத் தம்பி இதில் போட்டுவிட்டான். அடுத்த அறையில் தங்கை கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் என் அறைப் பக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்காக இல்லை. அந்த வீடு பெறாமகளுக்குத்தான் என்று நான் வாங்கும்போதே நினைத்திருந்தேன். வேறு யாருக்குக் கொடுப்பேன்? உறுதி எழுத எந்த நொத்தாரிசிடம் போவது, சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூட எனக்குள் முடிவாகியிருந்தது. கேட்டிருந்தால் சந்தோசமாகச் சொல்லியிருப்பேன். என்னைச் சுட்டது அந்த 'இப்போதைக்கு' என்ற சொல். பிறகு பிள்ளை வருவாள், பிடித்த நிறத்தை அடிப்பாள், வீடு அப்போது தொடங்கும். அதுவரைக்கும் வெள்ளை. நான் கணக்குப் பார்த்தேன். அந்த இப்போதைக்கு என்பது நான் சாகும்வரை உள்ள காலம். எனக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

கோபம் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை, அலுமாரி அடுக்குவேன். எல்லாச் சீலைகளையும் கட்டிலில் போட்டேன். மண்ணிறம், கடும் மண்ணிறம், மங்கிய நீலம், புகை நிறம், மறுபடி மண்ணிறம். ஒவ்வொன்றையும் வாங்கியபோது கடையில் நான் சொன்னது ஞாபகம் இருந்தது. அழுக்குத் தெரியாது. பஸ்ஸில் போக நல்லது. வயதுக்குச் சரி. ஒன்றைக்கூடப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கியதாக ஞாபகம் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. தம்பியோடு சண்டை பிடித்து, எனக்குப் பிடித்த நிறத்தைத்தான் அடிப்பேன் என்று சொல்லலாம். எது பிடிக்கும் என்று அவன் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கட்டிலில் சீலைகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். கனநேரம் இல்லை.

அடுத்த நாள் எட்டு மணிக்கே போய் வீட்டைத் திறந்தேன். பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துகொண்டு பன்னிரண்டு சதுரத்தையும் பார்த்தேன். முதலாவதைப் பார்த்தால் தம்பியின் குரல் கேட்டது, விற்கிற நேரம் நல்ல விலை போகும். மூன்றாவதில் தங்கை, விளக்குப் புகை படியும். ஏழாவதில் பெறாமகளின் சாம்பல். ஐந்தாவது நானே தெரிந்தெடுத்தது, ஆனால் அதைத் தெரிந்தெடுத்தது அழுக்குத் தெரியாது என்பதற்காக. ஒவ்வொரு சதுரத்திலும் யாரோ ஒருவருடைய கதை ஒட்டியிருந்தது. ஒன்பதாவதில் மாத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கிழமையாகக் குழுவில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நல்லது என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. அப்படி ஒரு நிறத்தை ஒரு வீட்டுக்கு அடிக்கலாம் என்பதே யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

பத்து மணிக்கு அண்ணை வந்தார். ஒன்பது என்றேன். அவர் ஒன்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரின் நீளத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, சின்னச் சதுரத்திலை இது வடிவு. சுவர் முழுக்க எண்டால் கத்தும்."

"கத்தட்டும், அண்ணை."

வள்ளம் என்றால் தான் ஒன்றும் சொல்லமாட்டேன், வள்ளத்தின் நிறம் கரையில் நிற்கிற சனத்துக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பென்சிலைத் தந்தார். கந்தோரில் நான் வைப்பது சுருக்கக் கையெழுத்து, இரண்டு எழுத்தும் ஒரு கோடும். சுவரில் முழுப் பெயரையும் எழுதினேன். அப்பாவின் பெயரோடு. நின்றபடி சுவரில் எழுதியதால் எழுத்து வழக்கமான வடிவில் வரவில்லை. அவர் படம் எடுத்தார், வெளிச்சம் போதாது என்று இன்னொருமுறை எடுத்தார். பிறகு அந்த நிறத்தில் பெரிய வாளி வாங்கிவர ஓட்டோவுக்குக் காசு கேட்டார்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. அவர் சொன்னது சரி. அது கத்தியது. காலையில் பல்கனியால் வெயில் உள்ளே வந்தால் நிலம், கூரை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் செம்மஞ்சள் ஆகிவிடும். அண்ணையின் வெள்ளைப் பெனியனும் அந்த நிறமாகத்தான் இருந்தது. மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த சோறு புரியாணி போலத் தெரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தால் நூற்று மூன்று பாகைக் காய்ச்சல் உள்ளவள் போல இருந்தேன். இடையில் சுவர் இருந்திருந்தால் மற்றப் பக்கத்துக்குப் போய்க் கொஞ்சம் இளைப்பாறியிருக்கலாம். இது வாசலில் பிடித்தால் பல்கனி வரைக்கும் விடவில்லை. பிழை விட்டுவிட்டேன் என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அண்ணைக்கும் தெரிந்தது. நல்ல மனுசன், கையெழுத்துப் படத்தை எடுத்து நீட்டவில்லை. வெள்ளை இரண்டு தரம் அடித்தால் மூடிவிடும், கூலி பாதி போதும் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையில் யோசித்தேன். அந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களுடைய பிழைகளோடு நான் நெடுங்காலம் இருந்திருக்கிறேன், பழகியும் இருக்கிறேன். சொந்தமாக நான் ஒரு பிழை விட்டு அதற்குள் இருந்து பார்த்ததில்லை. இருக்கட்டும் அண்ணை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ரோலரைக் கழுவப் போனார்.

குழுவில் படம் போட்டேன். தம்பி உடனே கூப்பிட்டான். உன்ரை போனிலை கமரா பழுதாப் போச்சு போல, எல்லாம் செம்மஞ்சளாத் தெரியுது என்றான். கமராவில் பழுதில்லை என்றேன். பிறகு, அந்த வங்கிக்காரர் தெரிந்தெடுத்த நிறமோ என்று மெல்லக் கேட்டான். எனக்கு அவனில் இரக்கமாக இருந்தது. இல்லை, அப்படி ஒரு மனுசன் இல்லை, நான்தான் தெரிந்தெடுத்தேன் என்றேன். நம்பினானோ தெரியாது.

குடிபூரலுக்கு அதிகம் பேரைச் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினேன். தங்கையும் அவள் புருஷனும் வந்தார்கள். புருஷன் வாசலில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு, காரைச் சரியாகப் பூட்டினேனோ தெரியவில்லை என்று சொல்லிக் கீழே போனார். கனநேரம் வரவில்லை. தங்கை உள்ளே வந்தாள். கைப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நடுவில் நின்றாள். அவள் முகமும் செம்மஞ்சள், சீலையும் செம்மஞ்சள்.

"அக்கா, உனக்கு உது பிடிச்சிருக்கோ?"

"இல்லை."

"பிறகேன்?"

"நான்தான் தெரிஞ்செடுத்தனான்."

அவள் ஒரு கதிரையில் இருந்தாள். பால் பொங்கி அடங்கியிருந்தது, நான் அடுப்பைக் குறைத்தேன். அண்டைக்கு ரொறன்ரோ அண்ணை குழுவிலை போட்டதை நீ வாசிச்சனி, என்ன என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். உன்னைப் பற்றிக் கூடாததாக ஒன்றும் நினைக்கவில்லை என்றாள். அது எனக்குத் தெரியும். கூடாததாக நினைத்திருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. என்னைப் பற்றி ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் நொந்தது. அதை அவளிடம் சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் அவளிடம் அப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்தரம். சொல்லிவிட்டு, சீனி போடவா என்று கேட்டேன். போடு என்றாள்.

"வீடு பிள்ளைக்குத்தான்," என்றேன். "நான் எழுதித் தருவன். ஆனால் நான் இருக்கிறவரைக்கும் இது என்ரை வீடு."

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் கலங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். புருஷன் மேலே வந்தார். மூன்று பேரும் பால் குடித்தோம். அவர் சுவரைப் பார்க்காமல் பல்கனிப் பக்கம் திரும்பி இருந்து குடித்தார்.

முடிந்ததும் தங்கை எழுந்து மூன்று கப்பையும் எடுத்துப் போய்க் கழுவினாள். நான் தடுக்கவில்லை. கழுவி முடித்து, ஈரக் கையில் கப்புகளைப் பிடித்துக்கொண்டு, புது அலுமாரித் தட்டுகளுக்கு முன்னால் நின்று அங்கும் இங்கும் பார்த்தாள். எதையும் திறக்கவில்லை.

"அக்கா, இதுகளை எங்கை வைக்கிறது?"

இருபத்தெட்டு வருடம் அவளுடைய குசினியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். கப்பை எங்கே வைக்கிறது, சுளகை எங்கே வைக்கிறது, என் சாமான்களை எங்கே வைக்கிறது. அவள் சொன்ன இடத்தில் வைத்தேன். இந்த வீட்டில் கப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்று நான் இன்னும் யோசித்திருக்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் முழங்கையால் வடிந்தது. நான் அவசரப்படவில்லை.

"இடப்பக்கம், மேல் தட்டிலை," என்றேன்.

இடப்பக்கத்துக்கு ஒரு காரணமும் இல்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எட்டி வைத்தாள்.